உமக்கொரு கோப்பை, எனக்கொரு கோப்பை

எமில் சமைக்கிறான் என்று சொன்னால் ஒக்லண்டின் பாபடோயிட்டோயில் அவனைத் தெரிந்த ஒருவரும் நம்பமாட்டார்கள். முட்டை அவிக்கச் சொன்னால் பானையில் தண்ணீர் வற்றித் தீயும்வரை கைத்தொலைபேசி பார்த்துக்கொண்டு நிற்கிற ஆள். விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். விமானத்துக்குப் பாரம் ஏற்றத் தெரியும், அடுப்பில் சட்டி ஏற்றத் தெரியாது என்று அவன் மனைவி யோகராணியே நாலு பேர் முன்னால் பகிடி பண்ணுவாள். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். அப்படிப்பட்டவன் அந்தக் குளிர்காலத்தில் வேலையால் வந்து, மஞ்சள் மேற்சட்டையைக்கூடக் கழற்றாமல், குசினிக்குள் நின்று கோழி வெட்டினான்.

ஏன் என்று ஊருக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்று இரண்டு பேரும் சேர்ந்தே தீர்மானித்திருந்தார்கள்.

ஒக்லண்டில் அவர்களுக்கு ஊர் என்பது ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பூசைக்கு வருகிற சனமும், அந்தச் சனத்தின் தொலைபேசிகளும்தான். அதில் முதல் தொலைபேசி அஞ்சலினா அக்காவுடையது. செபமாலைக் குழுவுக்குத் தலைவி. குறை சொல்லக்கூடாது, நல்ல மனுசி. செத்த வீடு என்றால் முதல் ஆளாகச் சட்டியோடு வந்து நிற்பாள். ஆனால் பூசை முடிந்து தேத்தண்ணீர் குடிக்கிற இடத்தில் யோகராணியைக் கண்டால் வயிற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இன்னும் ஒண்டுமில்லையோ பிள்ளை?" என்பாள். கலியாணம் முடித்து இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து அதே கேள்வி. இல்லை என்று சொல்லிச் சொல்லி யோகராணியின் முகமே ஒரு மாதிரிக் கோணிப்போயிருந்தது.

நாற்பது வயது தாண்டி, இனி இல்லை என்று இருவரும் மனதைத் தேற்றிக்கொண்ட பிறகு வயிற்றில் ஒன்று தங்கியது. எமில் அன்றைக்குக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதான். வெளியே வந்ததும் இரண்டு பேரும் போட்ட முதல் ஒப்பந்தம், வாய் திறப்பதில்லை என்பது. நாவூறு சொந்த ஊரான மன்னாரோடு நின்றுவிடவில்லை, விசா எடுத்துக்கொண்டு நியூசிலாந்துக்கும் வந்திருக்கிறது என்பது யோகராணியின் நம்பிக்கை. வயிறு தெரியத் தொடங்கும்வரை ஒருவருக்கும் மூச்சு விடுவதில்லை. அஞ்சலினா அக்கா கேட்டபோதுகூட யோகராணி வழக்கம்போல முகத்தைக் கோணிக்கொண்டு இல்லை என்றாள். அந்த ஒரு தடவைதான் அந்தப் பொய் இனித்தது.

வயிறு தெரியத் தொடங்கவில்லை. நாலாம் மாதத்தில், த்ரீ கிங்ஸ் பகுதியில் அவள் வேலை செய்கிற முதியோர் இல்லத்துச் சலவை அறையில், ஈரத் துப்பட்டிகளை மடித்துக்கொண்டு நின்றபோது எல்லாம் முடிந்தது. பக்கத்தில் நின்றவள் சியூ லான். மலேசியாவில் ஈப்போவிலிருந்து வந்த சீனத்தி. சின்ன வயதில் தமிழ்ச் சனத்துக்கு நடுவில் வளர்ந்தவள் என்பதால், தன்னைவிட இளையவளான யோகராணியையும் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அவள்தான் துவாயைச் சுற்றிக் கட்டி, காரில் ஏற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். ஆக, அந்தப் பிள்ளை வந்ததும் போனதும் தெரிந்த ஒரே வெளியாள் ஒரு சீனப் பெண். சொந்தச் சனத்தில் ஒருவருக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் மண்ணில் வைக்கலாம், இந்த நாட்டில் பலர் அப்படிச் செய்கிறார்கள் என்று தாதி மெல்லிய குரலில் சொன்னாள். எமில் வளவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கடைக்குப் போய்ப் பெரிய மண்தொட்டி ஒன்றும் எலுமிச்சங்கன்று ஒன்றும் வாங்கி வந்தான்.

"நிலத்திலயே புதைக்கலாமே," என்றாள் யோகராணி.

"இது ரென்ட் வீடு ராணி. நாளைக்கு எழும்பச் சொன்னா, பிள்ளையை விட்டிட்டே போறது?"

தொட்டியின் அடியில் பெட்டியை வைத்து, மண் போட்டு, கன்றை நட்டு, பரலோக மந்திரம் சொன்னான். பாதியோடு நின்றது. மிச்சத்தை அவள் சொல்லி முடித்தாள். அதன் பிறகு காலையில் வேலைக்குப் போகுமுன் ஒவ்வொரு நாளும் அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக் குனிந்து என்னவோ முணுமுணுப்பான். ஒருநாள் அவள் யன்னலைத் திறந்து கேட்டாள்.

"இஞ்சேருங்கோ, என்ன கதைக்கிறீங்கள் அதோட?"

"பேர் வைச்சுக் கூப்பிடுறன்."

"என்ன பேர்?"

அவன் அவளுடைய வெளிறிய முகத்தைப் பார்த்தான். "இப்ப சொன்னா நீர் அழுவீர். உம்மட இரத்தம் கொஞ்சம் ஊறட்டும், சொல்லுறன்."

இரத்தம் ஊறுகிற மாதிரி அவள் நடந்துகொள்ளவில்லை. சாப்பாட்டைத் தொடவில்லை. படி ஏறினால் தலை சுற்றியது. வைத்தியர் இரும்புக் குளிசை எழுதிக் கொடுத்தார்; அது வயிற்றைப் புரட்டியது. ஊரில் என்றால் தாயோ பெரியம்மாவோ சரக்கு அரைத்துப் பத்தியக் கறி காய்ச்சி வாயில் ஊற்றியிருப்பார்கள். இங்கே யாருக்குச் சொல்வது? சொன்னால் எதற்குப் பத்தியம் என்று கேட்பார்களே.

அப்போதுதான் சியூ லான் அந்த வேரைக் கொண்டுவந்தாள். கடதாசிப் பையைத் திறந்ததும் சலவை அறை முழுக்க மணத்தது. ஓமத்தையும் ஈர மண்ணையும் சேர்த்துக் கசக்கினால் வருமே, அப்படி ஒரு மணம்; நாக்கில் வைத்தால் முதலில் இனித்துப் பிறகு கசக்கும். சீவிய துண்டுகள் மங்கல் வெள்ளையாக, ஓரம் பழுப்பாக இருந்தன. டொங் குவாய் என்றாள். பெண்களின் வேர் என்றும் சொல்வார்களாம். பிள்ளை பெற்றவளுக்கும் பிள்ளை இழந்தவளுக்கும் அவர்கள் வீட்டில் கோழியோடு போட்டுக் காய்ச்சிக் கொடுப்பது.

சியூ லானைத் தெரியாத்தனமாகக் கொடுத்தவள் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. அவள் எல்லாம் ஒழுங்காகத்தான் சொன்னாள். இரத்தப் போக்கு முற்றாக நின்ற பிறகுதான் குடிக்கவேண்டும். மறுபடி வயிற்றில் தங்கினால் அன்றே நிறுத்திவிடவேண்டும், கர்ப்பிணி இதைத் தொடக்கூடாது. அளவுக்கு மேல் போடக்கூடாது. கடைசியாகக் கேட்டாள்: "அக்கா, நீ வேறு மாத்திரை ஏதாவது எடுக்கிறாயா?"

"இரும்புக் குளிசை மட்டும்தான்."

"அப்போ சரி."

கேட்கவேண்டிய கேள்வியைக் குடிக்கப்போகிறவளிடம் கேட்டுவிட்டாள். கூடக் குடிக்கப்போகிறவனைப் பற்றிக் கேட்க யாருக்குத்தான் தோன்றும்?

எமிலுக்கு இதயத்தில் உலோக வால்வு. சின்ன வயதில், இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தில், மூட்டுவாதக் காய்ச்சல் வந்து இதயத்தைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. இங்கே வந்த பிறகு நெஞ்சைப் பிளந்து வால்வு வைத்தார்கள். அறை அமைதியாக இருந்தால் அவன் நெஞ்சிலிருந்து கைக்கடிகாரச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்காமல் யோகராணிக்கு நித்திரை வராது. வால்வில் இரத்தம் உறைந்து கட்டியாகிவிடக்கூடாது என்பதற்காக உயிர் உள்ளவரை வார்ஃபரின் குளிசை போடவேண்டும். உறையவும் கூடாது, ஒரேயடியாக இளகவும் கூடாது. அதற்கு ஓர் எண் இருக்கிறது, இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் நிற்கவேண்டும். பாபடோயிட்டோய் ஃபாமசியில் விரலில் குத்திப் பார்த்துச் சொல்வார்கள். இதெல்லாம் அந்த வீட்டில் சோறு தண்ணீர் மாதிரிப் பழகிப்போன விஷயங்கள். பழகியதுதான் பிழையாகப் போயிற்று.

சத்திரசிகிச்சை முடிந்து கிடந்த நாட்களில் எமில் சாப்பிட மறுத்தான். "நீர் சாப்பிட்டாத்தான் நான் சாப்பிடுவன்" என்று அடம்பிடித்தான். ஆஸ்பத்திரியின் உப்பில்லாத கஞ்சியை அவளும் கூட இருந்து விழுங்கினாள். அதிலிருந்து அது அந்த வீட்டுச் சட்டமாகிவிட்டது. காய்ச்சல் வந்தவர் தனியே கசப்புக் குடிப்பதில்லை. வேப்பம்பூ ரசம் என்றாலும் இரண்டு கோப்பைதான்.

எமில் கோழியைப் போட்டு, வேர்த்துண்டைப் போட்டு, சியூ லான் சொன்ன சிவப்புப் பேரீச்சையையும் போட்டான். அதோடு விட்டானா? மன்னார்ப் பேசாலையில் தன் தாய் அரைத்ததை ஞாபகப்படுத்தி, மல்லி, மிளகு, சீரகம், உள்ளி எல்லாம் அரைத்துக் கரைத்து ஊற்றினான். சீனத்து வேரும் மன்னார்ச் சரக்கும் ஒரே சட்டியில் கொதித்தன. கோப்பையில் வார்த்துக்கொண்டு கட்டிலுக்கு வந்தான்.

"எனக்கு வேண்டாம்," என்று அவள் சுவர்ப்பக்கம் திரும்பினாள்.

"ஒரு மிடறு."

"நீங்கள் குடிச்சாத்தான் நான் குடிப்பன்."

அவன் குசினிக்குத் திரும்பிப் போனான். இன்னொரு கோப்பை எடுக்கிற சத்தம் கேட்டது.

"சரி, உமக்கொரு கோப்பை, எனக்கொரு கோப்பை. பொம்பிளையளின்ர சூப்பாம். என்ர தாடி கொட்டினா நீர்தான் பொறுப்பு."

அவள் சிரித்துவிட்டாள். பிள்ளை போன பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சிரிப்பைக் கண்ட பிறகு எமில் விடுவானா? வேலை இருந்த நாளிலும் இல்லாத நாளிலும் சட்டி அடுப்பில் ஏறியது. அவளும் மெல்ல மெல்லத் தேறினாள். உதட்டில் நிறம் வந்தது. படி ஏறினாள். சலவை அறைக்குத் திரும்பவும் போனாள்.

எமிலின் கையில் நீலமாகக் கன்றிய இடம் ஒன்று தெரிந்தது. என்னவென்று கேட்டபோது பலகை இடித்தது என்றான். பல் விளக்கும்போது துப்பல் சிவந்திருந்தது. புதுப் பிரஷ் என்றான். அவளுக்கும் அப்போது தன் உடம்பையும் தன் துக்கத்தையும் தாண்டி ஒன்றும் கண்ணில் படவில்லை.

வழக்கமான இரத்தச் சோதனைக்கு இருவரும்தான் போனார்கள். ஃபாமசியில் இருந்தவள் அபிதா. திண்டுக்கல்லிலிருந்து படிக்க வந்து, படித்து முடித்து, வேலையும் எடுத்துக்கொண்ட பெண். எமிலுக்கு அவளைக் கண்டால் பெரிய ஆறுதல், இங்கிலீஷில் தடுமாற வேண்டியதில்லை. விரலில் குத்தி, கருவியைப் பார்த்தவளின் முகம் மாறியது. மறுபடி ஒருமுறை குத்தினாள்.

"அண்ணா, நம்பர் ரொம்ப ஏறியிருக்கு. கிட்டத்தட்ட அஞ்சு. மாத்திரை சரியாத்தான போடுறீங்க?"

"ஓம் தங்கச்சி, ஒரு நாளும் பிசகிறதில்லை."

"சாப்பாட்டுல ஏதாச்சும் மாத்தம்? புதுசா விட்டமின், நாட்டு மருந்து, கஷாயம், வேரு, மூலிகைன்னு ஏதாவது? எதுவா இருந்தாலும் பரவால்ல, சொல்லுங்க. இந்த மாத்திரையோட சிலது சேரவே கூடாது, ரத்தம் ரொம்ப எளகிடும்."

எமில் வாயைத் திறந்தான். மேசைக்குக் கீழே யோகராணியின் கை அவன் முழங்கையைப் பிடித்தது.

அபிதா குடியிருந்தது அஞ்சலினா அக்காவின் வீட்டுப் பின்னறையில். ஒரே குசினி, ஒரே சாப்பாட்டு மேசை. வேர் என்று சொன்னால் யாருக்கு என்று கேட்பாள். எனக்கு என்றால் எதற்கு என்று கேட்பாள். அடுத்த ஞாயிறு தேத்தண்ணீர் குடிக்கிற இடத்தில் பெண்கள் எல்லாரும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள். ஐயோ பாவம் என்பார்கள். அந்த ஐயோ பாவத்தைத் தாங்கிக்கொள்ளத் தன்னால் முடியாது என்று யோகராணிக்குத் தெரிந்தது. அபிதாவின் இடத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருந்திருந்தால், கொச்சை இங்கிலீஷில் என்றாலும் அவளே எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள்.

எமில் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு அபிதாவைப் பார்த்துச் சிரித்தான்.

"இல்லை தங்கச்சி. வழமையான சோறு கறிதான்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் புருஷனும் பெண்சாதியும் நன்றாகப் பழகியிருந்தார்கள். அபிதா ஒரு நாள் மாத்திரையை நிறுத்தச் சொல்லி, பிறகு எவ்வளவு குறைத்துப் போடுவது என்று எழுதிக் கொடுத்து, சனிக்கிழமை கட்டாயம் திரும்ப வரச் சொன்னாள். தலையிடி, வாந்தி, எங்காவது இரத்தம் என்றால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்றாள். வாசல்வரை வந்தும் சொன்னாள்.

காரில் எமில் கொஞ்ச நேரம் சாவியைத் திருகாமல் இருந்தான்.

"சொல்லியிருக்கலாம் ராணி."

"சொன்னா நாளைக்கு அஞ்சலினா அக்கா வாசலில நிப்பா."

"அதுவும் சரிதான்." மூச்சை விட்டான். "அப்ப நான் அந்த சூப்பை விடுறன். நீர் மட்டும் குடியும்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஏன் என்று கேட்டால் அவளாலேயே விளங்கப்படுத்த முடியாது. அந்தக் கோப்பை இரண்டும்தான் அந்த நாட்களில் அவளை எழுப்பி உட்கார வைத்தன. ஒன்று குறைந்தால் மற்றதும் தொண்டையில் இறங்காது என்று தோன்றியது.

"அப்ப எனக்கும் வேண்டாம்," என்றாள். "அது கோழிச்சாறுதானே. மருந்தே? ஒரு துண்டு வேர் என்ன செய்யும்? குளிசையையும் குறைச்சுத் தந்திட்டாதானே."

எமில் சாவியைத் திருகினான். அவன் பயந்தவன் இல்லை. ஆனால் அவள் திரும்பவும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பதைப் பார்க்க மட்டும் பயந்தான்.

"சரி, அழாதையும். உமக்கொரு கோப்பை, எனக்கொரு கோப்பை."

அந்தக் கிழமையும் சட்டி ஏறியது.

சனிக்கிழமை காலையில் வெயில் அடித்தது. எமில் சவரம் செய்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு, "கெதியா வெளிக்கிடும், தங்கச்சி காத்துக்கொண்டிருப்பா" என்று சொல்லிவிட்டுத் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றப் போனான். யோகராணி தலை சீவிக்கொண்டு யன்னலால் பார்த்தாள். அவன் குனிந்து ஏதோ முணுமுணுத்தான். நிமிர்ந்தபோது நெற்றியைக் கையால் அழுத்தினான். தண்ணீர்க் கேத்தல் கையிலிருந்து விழுந்தது. அவள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. என்னவோ சொல்ல முயன்றான், நாக்கு எழவில்லை. அவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டான். அம்புலன்ஸ் வந்து அந்தப் பிடியைக் கழற்றவேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரிக்கு முதலில் வந்து சேர்ந்தவள், வேறு யார், அஞ்சலினா அக்காதான். மூளைக்குள் இரத்தம் பெருகிவிட்டது என்று இளம் வைத்தியர் சொன்னதை அவள்தான் தமிழில் திருப்பிச் சொன்னாள். இரத்தத்தை உறையவைக்க மருந்து ஏற்றுகிறார்களாம். வேறு ஏதாவது மருந்து, மூலிகை எடுத்தாரா என்று வைத்தியர் கேட்டார்.

மூன்றாம் தடவை அதே கேள்வி. யோகராணி அந்த வேரைப் பற்றிச் சொன்னாள். எவ்வளவு நாளாக, எத்தனை துண்டு என்று எல்லாம் சொன்னாள். அஞ்சலினா அக்கா இங்கிலீஷில் சொல்லிவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

"அது பொம்பிளையளின்ர மருந்தெல்லே. உமக்கு என்ன வருத்தம் பிள்ளை?"

"பலவீனம் அக்கா," என்றாள் யோகராணி. அங்கேயும், அந்த நேரத்திலும், அவளுக்கு அதுதான் வாயில் வந்தது.

வைத்தியர் நல்ல மனிதர். அந்த வேர்தான் காரணம் என்று அடித்துச் சொல்லமுடியாது என்றார். ஆனால் வார்ஃபரினோடு சேர்ந்தால் அது இரத்தத்தை இன்னும் இளக்கும் என்பது தெரிந்த விஷயம். எண் ஏறியபோதே தெரிந்திருந்தால் உடனே நிறுத்தச் சொல்லியிருப்பார்கள். இப்போது தெரிந்ததால் செய்கிற வைத்தியத்தில் மாற்றம் ஒன்றும் இல்லை என்றார். அதை அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார்.

மறுநாள் பின்னேரம் இயந்திரங்களை நிறுத்தினார்கள். அவள் எமிலின் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டு இருந்தாள். அந்தக் கடிகாரச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு கேட்கவில்லை. தாதி தோளைத் தொடும்வரை அவள் காதை எடுக்கவில்லை.

வீட்டில் சனம் நிறைந்தது. நல்லாத்தானே இருந்தவர், என்ன நடந்தது என்று வந்தவர்களெல்லாம் கேட்டார்கள். பட்ட காலிலே படும் என்று யாரோ பெருமூச்சு விட்டார்கள். முதல் பட்டது என்னவென்று தெரியாமலே சொன்னார்கள்.

மூன்றாம் நாள் அபிதா வந்தாள். வேலை உடுப்போடு வந்து, வரவேற்பறையில் இருக்காமல், குசினிக்குள் யோகராணி தனியே நிற்பதைப் பார்த்து அங்கே வந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"அக்கா, நான் டோஸைத் தப்பாக் குறைச்சிட்டனான்னு திரும்பத் திரும்பப் பாத்துட்டேன். சரியாத்தான் இருக்கு. ஆனா ஆஸ்பத்திரில இருந்து அந்த வேரைப் பத்திச் சொன்னாங்க. நான் அன்னிக்குச் சரியாக் கேக்கலையாக்கா? கேட்ட விதத்துல ஏதாவது..."

"கேட்டனீங்கள். வேர் எண்டே கேட்டனீங்கள். அவர் சொல்லத்தான் வாயைத் திறந்தவர். நான்தான் கையைப் பிடிச்சனான்."

அபிதாவுக்கு விளங்கவில்லை. "ஏன்க்கா? ஏன் என்கிட்ட சொல்லல? நான் தமிழ்ப் பொண்ணுதான? வேற யார்கிட்டயும் சொல்ல முடியாததைக்கூட என்கிட்ட சொல்லலாமே."

"தமிழ்ப்பிள்ளை எண்டபடியால்தான் அம்மா சொல்லேல்லை," என்றாள் யோகராணி.

பிறகு பிள்ளையைப் பற்றிச் சொன்னாள். சலவை அறை, சின்னப் பெட்டி, தொட்டி, இரண்டு கோப்பை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல், அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அபிதா சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். போகும்போது ஒன்றே ஒன்று சொன்னாள்: "எங்க தொழில்ல கேட்டதை வெளிய சொல்லக்கூடாதுக்கா. அஞ்சலினா ஆன்ட்டிகிட்ட நான் எதுவுமே பேசுனதில்ல. ஒருத்தரைப் பத்திக்கூட." எமிலின் முழங்கையைப் பிடித்த தன் கையை யோகராணி பார்த்தாள்.

பாபகூராப் பக்கத்து மயானத்தில் அடக்கம். பெட்டியை இறக்கி, ஃபாதர் அன்றூ தீர்த்தம் தெளித்து முடிந்ததும், சனம் மண் போட வரிசைக்கு வந்தது. அப்போது சியூ லானின் வானிலிருந்து இரண்டு பெண்கள் ஒரு மண்தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி யோகராணி. மற்றவள் சியூ லான்; வேர் செய்த வேலையை யோகராணி வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொண்டவள். இனி யாருக்காவது கொடுத்தால் கூட யார் குடிப்பார்கள் என்றும் கேள் என்று யோகராணி சொன்னபோது தலையை மட்டும் ஆட்டினாள்.

"செடியைப் பிறகு வைக்கலாம் பிள்ளை," என்றார் ஃபாதர்.

"செடியில்லை ஃபாதர். எங்கட பிள்ளை. இதுக்குள்ள இருக்கு. அவரோட விடவேணும்."

மயானத்தில் வேலை செய்கிற இரண்டு சமோவாக்காரர்கள் ஒன்றும் கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, தொட்டியை இரண்டு கையாலும் வாங்கி, கயிறு கட்டி, எமிலின் காலடியில் மெதுவாக இறக்கினார்கள். எலுமிச்சை இலைகள் குழியின் சுவரில் உரசிக்கொண்டு போயின.

ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. யோகராணி அத்தனை நாளும் பயந்தது இந்தப் பார்வைக்குத்தான். ஒருவரும் குசுகுசுக்கவில்லை. ஐயோ பாவம் என்று சொன்னார்கள்தான். அதைச் சொன்னவர்கள் முகத்தைப் பார்த்தபோது, இதைத் தாங்கியிருக்கலாமே, இவ்வளவுதானே என்று அவளுக்கு நெஞ்சு வெடித்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து என்ன பயன்?

அஞ்சலினா அக்கா வந்து பக்கத்தில் நின்றாள். வழக்கமான கேள்வி அவளிடம் இல்லை. யோகராணியின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"பிள்ளைக்குப் பேர் வைச்சனீங்களோ? பூசையில வாசிப்பம். ரெண்டு பேரின்ர பேரையும் வாசிப்பம்."

"அவர் வைச்சவர் அக்கா."

"என்ன பேர்?"

யோகராணி குழிக்குள் பார்த்தாள். ஒவ்வொரு காலையும் அவன் குனிந்து கூப்பிட்டதைக் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பார்த்தவள் அவள். அவன் உதடு அசைந்தது ஞாபகம் இருந்தது, சத்தம் ஞாபகம் இல்லை.

"எனக்குத் தெரியாது," என்றாள். "என்ர இரத்தம் ஊறினாப் பிறகு சொல்லுறன் எண்டவர்."

அவள் உள்ளங்கை அஞ்சலினா அக்காவின் கைகளுக்குள் இளஞ்சூடாக, நல்ல சிவப்பாக இருந்தது.